கம்பியைத் தொடுமுன் பலகையைப் பாருங்கள்: பழைய அப்ரைட் பியானோ பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது. தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய லண்டன் அப்ரைட், அதாவது நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோ ஒன்று பெங்களூரு அல்சூர் வீட்டில் இருபது வருடமாக யாரும் வாசிக்காமல் நிற்கிறது. ஏழு கம்பிகள் அறுந்துவிட்டன, மற்றவை துருப்பிடித்திருக்கின்றன. வந்து பார்த்த ஒருவர் எல்லாக் கம்பியையும் மாற்றினால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார், இன்னொருவர் மரக்கடைக்குப் போடச் சொல்கிறார். பத்து வயது மகள் கீபோர்டில் கற்றுக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு இதைத் தயார் செய்யலாமா, கம்பி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை, கம்பி விலை உங்களுக்கு இரண்டாவது கேள்விதான். இந்தப் பியானோவில் சுருதி இனி நிற்குமா என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

நான் பெங்களூரு கண்டோன்மெண்ட் பக்கம் முப்பது வருடமாகப் பியானோ டியூனிங்கும் ரிப்பேரும் செய்கிறேன். காக்ஸ் டவுனில் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவரிடம் தொழில் கற்றேன். தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், ரிச்மண்ட் டவுன், குக் டவுன் பக்கத்துப் பழைய வீடுகள் என்று நான் கை வைத்தவற்றில் பாதிக்கு மேல் உங்களுடையதைப் போன்ற பிரிட்டிஷ் அப்ரைட்கள்தான். தங்கவயலிலிருந்து லாரியில் வந்தவையும் சில உண்டு. 2001இல் சுரங்கம் மூடியதற்கு முன்னும் பின்னும் அங்கிருந்து பல வீட்டுச் சாமான்கள் இங்கே வந்தன.

முதலில், கம்பிகள் எதன்மேல் நிற்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு அப்ரைட்டில் சுமார் 220 கம்பிகள். அடியில் கனமான ஸ்வரங்களுக்கு ஒவ்வொன்று, அடுத்து இரண்டிரண்டு, நடுவிலிருந்து மேலே மூன்று மூன்று. ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையில் நிற்கிறது. கூட்டிப் பார்த்தால் 15 டன். இந்தச் சுமையின் பெரும்பகுதியை இரும்புச் சட்டம் தாங்குகிறது. ஆனால் கம்பியின் மேல்முனை சுற்றியிருக்கும் எஃகு ஆணிகள், அதாவது டியூனிங் பின்கள், ஒரு கெட்டி மரப்பலகைக்குள் அடித்து இறக்கப்பட்டவை. அந்தப் பலகையை ரெஸ்ட் பிளாங்க் என்பார்கள். ஆணியில் மரையே கிடையாது என்று சொல்லலாம், அவ்வளவு நுண்ணியது. மரத்தின் பிடி ஒன்றுதான் அதைத் திரும்பாமல் நிறுத்தி வைக்கிறது. வீணை வாசிக்கிற வீடுகளில் இது எளிதாகப் புரியும். தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கினால் எவ்வளவு நல்ல தந்தி போட்டாலும் சுருதி நிற்காது. வீணையில் சாக்பீஸ் தூள் தடவிச் சமாளிக்கலாம். இங்கே 220 பிருடைகள், ஒவ்வொன்றிலும் 70 கிலோ.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். தொழில் தொடங்கி ஐந்தாறு வருடம் ஆனபோது ஒரு தேவாலயத்தின் பழைய அப்ரைட்டுக்கு முழுசாகக் கம்பி மாற்றினேன். பழைய கம்பிகள் கருத்துப் போயிருந்தன, எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. பலகையைச் சோதிக்கவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அருமையாகப் பாடியது. மார்ச் வெயில் வந்ததும் நடு ஸ்தாயியில் கம்பிகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. மறுபடி இழுத்தேன், பத்து நாளில் மறுபடி இறங்கின. ஆணிகளைக் கழற்றிப் பார்த்தபோது துளைக்குத் துளை மெல்லிய விரிசல் ஓடியிருந்தது. அந்தச் சபையார் பைசா பைசாவாகச் சேர்த்த பணம் அது. மறுவேலையை என் செலவில் செய்து கொடுத்தேன், ஆனால் அவர்கள் இழந்த ஒரு வருடத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அன்றிலிருந்து ஆணியைத் திருப்பிப் பார்க்காமல் கம்பியைப் பற்றிப் பேசுவதில்லை.

உங்கள் வீட்டுக்கு ஒரு டியூனரை அழைத்து இந்த ஒரு சோதனையை மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஏ ஸ்வரத்தை இன்றைய பொதுச் சுருதியான 440க்கு இழுக்க வேண்டாம். இருபது வருடம் சும்மா நின்றது இப்போது அரைக் கட்டையாவது இறங்கியிருக்கும், ஏ ஸ்வரம் 415க்குப் பக்கத்தில் நிற்கலாம். இருக்கிற சுருதியிலேயே நடு ஸ்தாயி ஒன்றை மட்டும் சேர்த்து வைக்கட்டும். சாவியைப் போட்டுத் திருப்பும்போது ஆணி இறுக்கமாக, கொஞ்சம் முரண்டு பிடித்து நகர வேண்டும். வாழைத்தண்டில் குத்திய ஆணி போலத் திரும்பினால் மரம் போய்விட்டது. அப்புறம் இரண்டு வாரம் விட்டுவிட்டு நீங்களே கேளுங்கள். எல்லா ஸ்வரமும் ஒன்றாகச் சேர்ந்து ஏறியோ இறங்கியோ இருந்தால் அது பருவநிலை: நாதத்தை எழுப்பும் பலகையான சவுண்ட் போர்டு ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும், சுருதி அதோடு போகும். அது நோயில்லை. அப்படியில்லாமல் ஒரே கட்டைக்குரிய மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் தனியாக இறங்கி ஸ்வரம் இரண்டாகப் பிளந்து கேட்டால், அந்த ஆணி பிடிக்கவில்லை. பத்து ஆணி அப்படி என்றால் பயப்பட வேண்டாம். பாதிக்குப் பாதி என்றால் கதை வேறு.

அடுத்தது சவுண்ட் போர்டும் பிரிட்ஜும். வீணையில் குடத்தின் மேல்பலகையும் குதிரையும் செய்கிற வேலையை இங்கே இவை செய்கின்றன. சவுண்ட் போர்டு ஸ்புரூஸ் மரத்தில் மெல்லியதாகச் செய்யப்பட்டு, கம்பிகளை நோக்கி லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு இருந்தால்தான் கம்பி குதிரையின்மேல் அழுத்தி நாதம் எழும். பியானோவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி நகர்த்துங்கள், இரண்டு பேர் பிடித்து, சாய்க்காமல். முதுகுப் பக்கம் பலகையில் சாய்வாக ஓடும் விலாக் கட்டைகள் தெரியும். நீளமான இரண்டு கட்டைகளுக்கு நடுவே, அவற்றுக்கு இணையாக, ஒரு தையல் நூலை இரண்டு ஓரமும் பலகையைத் தொடும்படி இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் வளைவு உயிரோடிருக்கிறது. நூல் முழுவதும் பலகையோடு ஒட்டினால் அது தட்டையாகிவிட்டது. பலகையில் விரிசல் இருந்தால் மட்டும் மனம் உடைய வேண்டாம். பெங்களூரின் மார்ச் ஏப்ரல் வறட்சியில் விரிசல் விழாத நூறு வயதுப் பலகையை நான் அதிகம் பார்த்ததில்லை. முஷ்டியால் மெதுவாகத் தட்டுங்கள். மத்தளம் போல ‘தொம்’ என்று வந்தால் நல்லது. ‘கிர்ர்’ என்று கூடவே ஓர் அதிர்வு வந்தால் விலாக் கட்டை பசை விட்டிருக்கிறது, ஒட்டிவிடலாம். கீழே கனமான ஸ்வரங்களுக்கான பேஸ் கம்பிகள் அமர்கிற குறுகிய குதிரையில் ஆணி வரிசை வழியாக நீள விரிசல் ஓடினால் அது கவலைக்குரியது. அதையும் புதிதாகச் செய்து போடலாம், ஆனால் செலவுக் கணக்கில் அது சேரும்.

கூடவே பியானோ எந்த வகை என்றும் பாருங்கள். மேல்மூடியைத் திறந்ததும் பேஸ் கம்பிகள் மற்றவற்றின்மேல் குறுக்கே சாய்ந்து ஓடுகின்றனவா, இல்லை எல்லாமே நேராகக் கீழே இறங்குகின்றனவா? கம்பியை அடிக்கிற ஹாமர்களுக்கு முன்னால் கூண்டுக் கம்பி போல வரிசையாக மெல்லிய கம்பிகள் நின்று, ஒலியை நிறுத்துகிற டாம்பர்கள் ஹாமருக்கு மேலே இருக்கின்றனவா? நேர்க் கம்பி, மேல் டாம்பர், ரெஸ்ட் பிளாங்குக்குக் கீழேயே நின்றுவிடுகிற முக்கால் இரும்புச் சட்டம், இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் முழுக் கம்பி மாற்றத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். எவ்வளவு செலவு செய்தாலும் மேல் டாம்பர் ஒலியைச் சுத்தமாக நிறுத்தாது, கற்றுக்கொள்கிற குழந்தைக்கு அது இடைஞ்சல். குறுக்குக் கம்பி, கீழ் டாம்பர், முழு இரும்புச் சட்டம் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

சோதனையில் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் வேலையே கம்பியைத் தளர்த்துவதுதான், அதில் அவசரம் கூடாது. ஒரு ஓரத்திலிருந்து முழுசாக அவிழ்த்துக்கொண்டே போனால் 15 டன் சுமை சட்டத்தில் ஒருபக்கமாகிவிடும், வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். அதனால் எல்லா ஆணியையும் ஒரு சுற்றில் கொஞ்சம், அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் என்று பரவலாக இறக்குவோம். கழற்றும்போதே மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு கம்பியின் கனத்தையும் அளந்து, எந்தக் கட்டையில் கம்பியின் அளவு எண் மாறுகிறது என்று சட்டத்தில் சாக்பீஸால் குறிப்போம். மேல் ஸ்தாயியில் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலே தொடங்கி, கீழே வர வர ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். கம்பி பியானோவுக்கென்றே இழுக்கப்பட்ட உயர் கார்பன் எஃகாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் ரோஸ்லாவ் கம்பியை நான் விரும்புவேன். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிற எஃகுக் கம்பி பார்க்க அதே மாதிரி இருக்கும், இழுத்தால் சுருதிக்கு வருமுன் அறுந்து முகத்தில் அடிக்கும்.

பழைய ஆணிகளை எடுத்துவிட்டு ஒரு அளவோ இரண்டு அளவோ பெரிய ஆணி போடுவோம். ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான், அதுவே தளர்ந்த துளையில் பிடியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். புதுக் கம்பியின் நுனியை ஆணியின் துளைக்குள் விட்டு, வெளியே நீட்டாமல் மடித்து, மூன்று சுற்று சுற்றுவோம். மூன்று சுற்றும் ஒன்றையொன்று தொட்டு நெருக்கமாக உட்கார வேண்டும், இடையில் ஒளி தெரியக் கூடாது. பெரும்பாலான பியானோக்களில் ஒரே கம்பி கீழே கொக்கி ஆணியைச் சுற்றித் திரும்பி மேலே வந்து இரண்டு கம்பியாக நிற்கும். இப்படி ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கம்பி போட்டால் கை மரத்துவிடும். எல்லாம் போட்டு முடித்ததும் ஹாமர்கள் இல்லாமலே ஒரு சிறு மரத்துண்டால் மீட்டி மீட்டி முதல் சுருதி சேர்ப்போம். மாலையில் சேர்த்தது காலையில் பார்த்தால் இறங்கியிருக்கும். மறுபடி இழுப்போம், மறுபடி இறங்கும். புதுக் கம்பி நீளும், அது அதன் குணம். பட்டறையில் நாலைந்து முறை, வீட்டுக்கு வந்த பிறகு முதல் வருடத்தில் இன்னும் நாலு முறையாவது டியூனிங் வேண்டும். கொடுக்கிற மதிப்பீட்டில் அந்த நாலு டியூனிங் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பேஸ் கம்பிகள் தனி விஷயம். எஃகு நடுக்கம்பியின்மேல் செம்பு சுற்றியவை அவை. கடையில் ரெடிமேடாகக் கிடைக்காது, உங்கள் பியானோவின் அளவுக்கே சுற்றி வாங்க வேண்டும். பழைய கம்பிதான் அதற்கு மாதிரி. ஆகவே அறுந்து கிடக்கிற துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எந்தக் கட்டைக்குரியது என்று சீட்டுக் கட்டி வையுங்கள். அறுகாமல் வெறுமனே ‘டப் டப்’ என்று செத்த குரலில் ஒலிக்கிற பேஸ் கம்பிகளுக்குச் செலவில்லாத ஒரு வைத்தியமும் உண்டு. செம்புச் சுற்றுக்குள் அழுக்கு அடைத்துக்கொண்டதால் வருவது அது. டியூனர் கம்பியைத் தளர்த்தி, கீழ்க் கொக்கியிலிருந்து கழற்றி, செம்பு சுற்றிய திசையிலேயே ஒரு சுற்று முறுக்கி மாட்டினால் சில கம்பிகள் பேச ஆரம்பிக்கும். எல்லாமும் பேசாது.

உண்மையில் எல்லாக் கம்பியையும் மாற்றத்தான் வேண்டுமா? இங்கேதான் எனக்கும் வந்து பார்த்தவருக்கும் கருத்து வேறுபடும். மேலே படிந்த துரு நாதத்தைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. கம்பி வளைகிற இடங்களில் துரு கடித்திருந்தால்தான் அறுகிறது. நான் பழைய கம்பியை ஏற்றுமுன் முதலில் சுருதியை ஒரு துளி இறக்குவேன். துரு பிடித்து ஒட்டியிருந்தால் மெல்லிய ‘டிக்’ சத்தத்தோடு விடும். அப்புறம் ஏற்றினால் அறுவது வெகுவாகக் குறையும். உங்கள் ஏழு கம்பிகளும் யாராவது நேரடியாக ஏற்ற முயன்றபோது அறுந்திருந்தால், அவற்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை ஒரு வருடம் காலத்தில் படிப்படியாக மேலே கொண்டுவரலாம். தானாகவே, இரவில் யாரும் தொடாமல் அறுந்தவை என்றால் மொத்தமாக மாற்றுவதே சரி. இதை நீங்கள் எழுதவில்லை, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கட்டை அழுத்தினால் ஹாமர் வரை போகிற பகுதி, அதாவது ஆக்‌ஷன், குழந்தையின் விரலுக்குக் கம்பியைவிட முக்கியம். ஹாமரை மூடிய கம்பளியான ஃபெல்ட்டில் கம்பித் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும், உப்புத்தாளால் வடிவம் கொடுத்தால் பெரும்பாலும் போதும். பூச்சி அரித்த டாம்பர் ஃபெல்ட்டையும் இற்றுப்போன பட்டை நாடாக்களையும் மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் கட்டை மேலே வராமல் ஒட்டுவது அச்சு ஊசியைச் சுற்றிய சிறு துணி ஈரத்தில் உப்புவதால். அதற்குத் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டவர்களைப் பார்த்து நொந்திருக்கிறேன். இரண்டு நாள் ஓடும், பிறகு எண்ணெயில் தூசு ஊறிக் களிம்பாகி மொத்தமும் இறுகிவிடும். அந்த எண்ணெய் ஆணியின் பலகையில் பட்டு ஊறினால் பியானோவின் ஆயுளே முடிந்தது. மர இணைப்புகளில் பழைய ஆட்கள் போட்டது வஜ்ஜிரப் பசை, சூடும் ஈரமும் காட்டினால் விடும், பிரித்து ரிப்பேர் செய்யலாம். ரிப்பேர் செய்கிறவர் அதையே பயன்படுத்தினால் நல்ல கை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானது கையால் தொட்டு உறுதியானது. உறுதியில்லாதவையும் உண்டு. புதுக் கம்பி போட்ட பிறகு நாதம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டி யாராலும் சத்தியம் செய்ய முடியாது. தெளிவு கூடும், பழைய குரலின் கனிவு சில சமயம் குறையும். நூறு வருடம் ஆன சவுண்ட் போர்டு வயதாலேயே குரலை இழக்கிறதா என்பதில் தேர்ந்த கைவினைஞர்களே ஒத்துப்போவதில்லை. நான் இழக்காத பலகைகளையும் பார்த்திருக்கிறேன், பார்வைக்கு அப்பழுக்கில்லாமல் ஊமையாக நின்றவற்றையும் பார்த்திருக்கிறேன். தளர்ந்த துளைகளில் சூப்பர் குளூ மெல்லிய திரவத்தை விட்டு ஆணியை இறுக்குவது இன்று பலரும் செய்வது. என் கையில் நன்றாகவே நிற்கிறது, ஆனால் முப்பது வருடம் நிற்குமா என்பதை இனிதான் பார்க்க வேண்டும். உங்கள் பியானோவின் மதிப்பு கூட வேண்டும் என்று நான் முழு கம்பி மாற்றத்தைச் சொல்லவே மாட்டேன். பழைய லண்டன் அப்ரைட் ஒன்றை விற்று அந்தச் செலவைத் திரும்ப எடுத்தவரை நான் பார்த்ததில்லை. மகள் வாசிக்க வேண்டும், தாத்தாவின் பொருள் வீட்டில் பாட வேண்டும், அந்த இரண்டுக்காகச் செய்யுங்கள்.

ஆகவே நான் செய்வதாக இருந்தால் வரிசை இப்படி: சோதனை டியூனிங், அது நின்றால் ஆக்‌ஷனைச் சுத்தம் செய்து ஃபெல்ட் வேலை, அறுந்த ஏழு கம்பி, பிறகு ஆறு மாதம் வாசித்துப் பார்ப்பது. அதற்குப் பிறகும் அவளுக்கு ஆசை இருந்து, சுருதியும் நின்றால் முழுக் கம்பி மாற்றம். சுருதியே நிற்கவில்லை, ரெஸ்ட் பிளாங்க் விரிசல் விட்டிருக்கிறது என்றால் மரக்கடை ஆள் சொன்னதில் பாதி சரி. அப்போது அந்தப் பணத்தில் கனமான கட்டைகளுள்ள ஒரு நல்ல டிஜிட்டல் பியானோ வாங்கிக்கொடுங்கள், தாத்தாவின் பியானோவை அலங்காரமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டைகளின் வெள்ளை மேலோட்டில் குறுக்கே மெல்லிய ஒட்டுக்கோடும் மரம் போன்ற ரேகையும் தெரிந்தால் அது தந்தம். அதைப் பெயர்த்து விற்கச் சொல்லி யாராவது வருவார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தந்த வியாபாரம் தடைசெய்யப்பட்டது, அப்படியே விட்டுவிடுங்கள். ஒட்டுக்கோடே இல்லாமல் வழுவழுவென்றிருந்தால் செல்லுலாய்டாக இருக்கலாம், அது சட்டென்று தீப்பற்றும். ஈரத்துக்காக உள்ளே பல்பு வைக்கிற பழைய வழக்கம் நம் வீடுகளில் உண்டு, அப்படி வைத்தால் கட்டைகளுக்கு எட்டாமல் கீழ் அறையில், சிறிய வாட்டில் வையுங்கள்.

இந்த வாரம் நீங்களே செய்யக்கூடியது ஒன்றுதான். கீழ்ப் பலகையைத் திறந்து பாருங்கள். கட்டைகள் அமர்ந்த தளத்தின் அடியில், நடுவில் ஒரு தகட்டு ஸ்பிரிங் இருக்கும். அதை மேலே அழுத்தினால் பலகை உங்கள் மேல் சாயும், முழங்காலால் தாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே எலிக்கூடு, கறையான் மண், அறுந்த கம்பித் துண்டுகள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, பெடல் தண்டுகளைத் தொடாமல் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். கறையான் மண் தெரிந்தால் டியூனரை அழைப்பதற்கு முன் பூச்சி மருந்துக்காரரை அழையுங்கள், மருந்தைத் தரையிலும் சுவரிலும் அடிக்கச் சொல்லுங்கள், பியானோவுக்குள் அடிக்க விடாதீர்கள்.